இரவுக் கணக்கும் பகல் கம்பியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் பதில்களும் இறுதியில் உள்ளன.)



காலை நடைப்பயிற்சியின்போது நான் சொன்ன ஒரு கதைதான் என்னை இந்த மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் ராத்திரி கரண்ட் பாதி விலை, அதில் வெந்நீர் போட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். மறுநாளே மூன்று பேர், "சார், நாமும் கெய்சரை ராத்திரியில் போட்டால் மிச்சமாகுமா?" என்று கேட்டார்கள். செயலாளர் உடனே, "இதையே கூட்டத்தில் பேசிவிடுங்கள்" என்றார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். 36 வருடம் வங்கியில் லெட்ஜரும் கவுன்ட்டருமாக இருந்தவன். எலக்ட்ரீஷியன் இல்லை. எந்த ஸ்க்ரூவை எங்கே முறுக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. மின்சாரக் கணக்கைப் பார்த்து, கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதை மட்டும் சொல்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார்கள். நானும் என் மனைவியும் ஏப்ரலில் போய் ஆறு மாதம் தங்கினோம். அந்தக் கட்டடத்தில் கேஸ் இணைப்பு கிடையாது. அடுப்பு, குளியல், குளிர்காலத்துக் கணப்பு எல்லாமே கரண்ட்தான்.

போன இரண்டாம் நாள் மகள், "அப்பா, இம்மர்ஷன் ஸ்விட்சைத் தொடாதீங்க" என்றாள். நமக்கு இம்மர்ஷன் என்றால் வாளியில் தொங்கவிடும் ராடுதானே? குளியலறையில் வாளியையும் காணோம், ராடையும் காணோம். பிறகு அவளே ஒரு சின்ன அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய செம்புத் தொட்டி, மேலே பஞ்சு போன்ற உறை. 210 லிட்டர் பிடிக்குமாம். நம் ராடு வாளிக்குள் இறங்குகிறது. அங்கே அதே மாதிரி ராடு தொட்டியின் வயிற்றுக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒன்று அடிப்பக்கம், ஒன்று மேல்பக்கம். ஒவ்வொன்றும் 3 கிலோவாட். அலமாரிச் சுவரில் இரண்டு ஸ்விட்ச், இரண்டுக்கும் சிவப்பு விளக்கு. இந்தச் சிவப்பு விளக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஏன் இரண்டு ராடு? வெந்நீர் மேலே ஏறும், தண்ணீர் கீழே தங்கும். அடி ராடு போட்டால் தொட்டி முழுவதும் சூடாகும். மேல் ராடு போட்டால் அதற்கு மேலே உள்ள பங்கு மட்டும் சூடாகும். திடீரென்று விருந்தாளி வந்து, வெந்நீர் தீர்ந்து போனால் ஒரு குளியலுக்கு மேல் ராடு. அன்றாடத் தேவைக்கு அடி ராடு.

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன். இதன் பெயர் எகானமி 7. 1978 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். ஒரு நாளில் ராத்திரி 7 மணி நேரத்துக்குக் கரண்ட் மலிவு. காரணம் எளிது. ஊர் தூங்கும்போது கரண்ட் தேவை விழுந்துவிடும். ஆனால் அணுமின் நிலையத்தையும் பெரிய நிலக்கரி நிலையத்தையும் ராத்திரி அணைத்துவிட்டு விடியற்காலை மறுபடி ஏற்றுவது சுலபமில்லை. ஓடத்தான் வேண்டும். ஓடுகிற கரண்டை யாராவது வாங்கிக்கொண்டால் நல்லது. கரண்டைப் பெரிய அளவில் சேமிப்பது கஷ்டம். வெந்நீரைச் சேமிப்பது சுலபம். எனவே, ராத்திரியே தொட்டியைச் சூடாக்கிக்கொள், உனக்கு விலை குறைத்துத் தருகிறேன் என்று ஒரு ஒப்பந்தம்.

ஏழு மணி நேரம் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய பத்தரை யூனிட் வேண்டும். 3 கிலோவாட் ராடு மூன்றரை மணி நேரத்தில் அதை முடித்துவிடும். ஏழு மணி நேரம் தாராளம். நல்ல உறை போட்ட தொட்டியாக இருந்தால் மறுநாள் சாயங்காலம் வரை சூடு நிற்கும்.

ஆனால் எந்த வங்கியும் ஒரு பக்கம் வட்டியைக் குறைத்தால் இன்னொரு பக்கம் எங்கேயோ கட்டணம் வைத்திருக்கும் அல்லவா? இதிலும் அப்படித்தான். ராத்திரி விலை குறைவு என்பதற்காகப் பகல் விலையைச் சாதாரணத் திட்டத்தைவிட ஏற்றி வைத்திருப்பார்கள். என் மகள் வீட்டு ஒப்பந்தத்தில் பகல் யூனிட் 30 பென்ஸ், இரவு யூனிட் 15 பென்ஸ். எல்லா நேரத்துக்கும் ஒரே விலை என்ற திட்டத்தில் சேர்ந்திருந்தால் 25 பென்ஸ். அப்படியானால் இதில் லாபம் பார்க்க எவ்வளவு கரண்டை ராத்திரியில் எரிக்க வேண்டும்? மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால், மலிவுத் திட்டம் என்ற பெயரில் நஷ்டம்.

மே மாத பில் வந்தது. மொத்தம் 600 யூனிட். பகல் 510, இரவு 90. அதாவது இரவுப் பங்கு 15 சதவீதம். 166 பவுண்டு 50 பென்ஸ். ஒரே விலைத் திட்டத்தில் இருந்திருந்தால் 150 பவுண்டுதான். மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. "மாமா, போன வருஷத்திலிருந்தே இப்படித்தான் வருது. என்ன பண்றதுன்னு தெரியலை" என்றார்.

இங்கே நான் செய்த ஒரு தவறை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் உடனே பேரப்பிள்ளைகளின் குளியலைக் குறை சொன்னேன். "இருபது நிமிஷம் ஷவரில் நின்றால் பில் இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். மகள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகள் இரண்டும் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். அவளோ பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவ ஆரம்பித்தாள். பத்து நாள் கழித்து மீட்டரைப் பார்த்தால் மொத்த யூனிட் கொஞ்சம் குறைந்திருந்தது. இரவுப் பங்கு அதே 15 சதவீதம். என் மனைவி தனியாகக் கூப்பிட்டு, "வந்த இடத்துல பிள்ளைங்களை அழ வெச்சதுதான் மிச்சம். உங்க பேங்க்ல கேஷ் குறைஞ்சா முதல்ல கேஷியரைத்தான் திட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

அது சுருக்கென்று தைத்தது. கேஷ் டேலி ஆகவில்லை என்றால் முதலில் வவுச்சரைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக்கூடாது. இதை எத்தனையோ புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மகள் வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். மீட்டரில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். ஒன்று பகல் கணக்கு, மற்றொன்று இரவுக் கணக்கு. எது பகல், எது இரவு என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். பில்லில் இரண்டும் இடம் மாறிப் பதிவாகியிருந்தால் அதுவே தனி வில்லங்கம். அதனால் முதலில் மத்தியானம் கெட்டில் ஓடும்போது எந்த எண் ஏறுகிறது என்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். பில் பதிவு சரியாகத்தான் இருந்தது.

பிறகு மூன்று நாள், படுக்கப் போகும் முன், எழுந்தவுடன், எல்லோரும் ஆபீஸ், பள்ளி போன பிறகு காலை எட்டரைக்கு, மறுபடி பதினொரு மணிக்கு என்று எழுதி வைத்தேன். இரவு எண் ஒரு ராத்திரிக்கு மூன்று யூனிட்தான் ஏறியது. ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர், துணி துவைக்கும் மெஷின், அவ்வளவுதான். தொட்டி ராத்திரியில் சூடாகியிருந்தால் இது பத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் காலை எட்டரையிலிருந்து பதினொன்றுக்குள், வீட்டில் நாங்கள் இரண்டு கிழங்கள் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பகல் எண் ஆறு யூனிட் ஏறியது!

நான்காம் நாள் எல்லோரும் குளித்து முடித்த பிறகு எட்டரைக்கு அடி ராடின் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தால் அரை யூனிட்கூட முழுதாக ஏறவில்லை. சரி, ஆள் அகப்பட்டுவிட்டான்.

இப்போது அந்தச் சிவப்பு விளக்கு. பதினொரு மணிக்கு ஸ்விட்சை மறுபடி போட்டதும் விளக்கு எரிந்தது. எரியலாமா? எரியக்கூடாது! ஏன் என்று சொல்கிறேன். இதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான இடம்.

தெருவிலிருந்து வரும் கேபிள் மெயின் ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு வருகிறது. எகானமி 7 வீடுகளில் பழைய முறைப்படி மீட்டரிலிருந்து இரண்டு பாதை கிளம்பும். முதல் பாதையில் 24 மணி நேரமும் கரண்ட் இருக்கும். அது பெரிய பெட்டிக்குப் போகிறது. விளக்கு, பிளக், அடுப்பு, தொட்டியின் மேல் ராடு எல்லாம் அதில். இரண்டாம் பாதையில் ஒரு தானியங்கி ஸ்விட்ச் உண்டு. மலிவு நேரம் தொடங்கும்போது அது கரண்டை விடும், முடியும்போது நிறுத்தும். அந்தப் பாதை தனியாக ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. தொட்டியின் அடி ராடு அந்தச் சின்னப் பெட்டியில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பகலில் அடி ராடின் ஸ்விட்சைப் போட்டாலும் அந்தப் பாதையில் கரண்டே இருக்காது. சிவப்பு விளக்கு எரியாது. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கம்பியே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

மீட்டர் இருந்த இடத்தைப் பார்த்தேன். இரண்டு பெட்டியும் இருந்தன. பெரியது புத்தம் புதுசு. சின்னது பழசு, அதற்குள்ளிருந்து ஒரு வயரும் வெளியே போகவில்லை. சேமிப்புக் கணக்கு திறந்து ஒரு ரூபாய்கூடப் போடாமல் விட்ட மாதிரி.

நடந்தது இதுதான். முன்பு அந்த வீட்டில் இரவு மின்சாரத்தில் செங்கல்லைச் சூடாக்கி வைத்துப் பகலில் வெப்பம் தரும் ஹீட்டர்கள் இருந்தன. வீட்டுக்காரர் அவற்றை எடுத்துவிட்டுச் சாதாரண ஹீட்டர்கள் வைத்தார். அப்போது பெரிய பெட்டியையும் புதிதாக மாற்றினார். வந்த எலக்ட்ரீஷியன் சின்னப் பெட்டியில் இருந்த அடி ராடின் வயரையும் எடுத்துப் புதுப் பெட்டியில் சேர்த்துவிட்டார். வெந்நீர் வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து குளித்து முடித்தவுடன் தொட்டி பகல் விலையில் தன்னை நிரப்பிக்கொண்டது. பிள்ளைகள் இருபது நிமிஷம் குளித்ததும் குற்றமில்லை, ஐந்து நிமிஷம் குளித்ததும் தீர்வில்லை. வாங்கிய திட்டம் இரவுத் திட்டம், போட்ட கம்பி பகல் கம்பி.

நான் என்ன செய்தேன்? பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு ஸ்க்ரூவையும் தொடவில்லை. இங்கிலாந்தில் 2005 ஜனவரி முதல் வீட்டு மின்வேலைக்கே கட்டட விதி இருக்கிறது. அந்த மாதிரி வேலையைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் அதிகாரிகளுக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டும். வாடகை வீடுகளுக்கு 2020-இல் வந்த விதிப்படி, வீட்டுக்காரர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது மின் இணைப்புகளைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். இந்த இரண்டையும் மாப்பிள்ளை தேடி எடுத்தார். என் நோட்டுப் புத்தகக் கணக்கை அவர் ஒரு பக்க அட்டவணையாக்கி வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

முதல் பதில், "வெந்நீர் வருகிறதே, என்ன பிரச்சினை?" என்பது. இரண்டாம் கடிதத்தில் அந்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டோம். அடுத்த வாரமே ஆள் வந்தார்.

வந்த எலக்ட்ரீஷியன் நடுத்தர வயதுக்காரர், நிதானமானவர். அடி ராடின் மூடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ராடுக்குள் போகும் வயரின் முனை கருகிப் பழுப்பாகியிருந்தது. உறை வெடித்திருந்தது. 3 கிலோவாட் ராடு 13 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். முனை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அங்கே சூடு ஏறிக்கொண்டே போகும். துணி அடுக்கி வைத்திருந்த மர அலமாரிக்குள் அது நடந்துகொண்டிருந்தது. நாற்பது பவுண்டு பற்றிக் கவலைப்பட்ட எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. என் பேரப்பிள்ளைகள் படுத்திருந்த அறை அந்த அலமாரிக்கு அடுத்த சுவர்.

தெர்மோஸ்டாட்டையும் அவர் மாற்றினார். பழைய தெர்மோஸ்டாட்டில் ஒரே பாதுகாப்புதான் உண்டு. அது பழுதாகி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். 2006-இல் டான்டன் நகரில் ஒரு வீட்டில் இப்படித்தான் கொதிநீர் மேலே இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறி, தொட்டி உடைந்து, கீழே படுத்திருந்த கைக்குழந்தை இறந்து போனது. புது வகைத் தெர்மோஸ்டாட்டில் இரண்டாவது தடுப்பு ஒன்று உண்டு. முதலாவது தோற்றால் இது வெட்டிவிடும், தானாக மறுபடி சேராது.

அதற்காகச் சூட்டை ரொம்பக் குறைத்து வைக்கவும் கூடாது. சேமித்து வைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் லீஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வளரும்.

அடி ராடு சின்னப் பெட்டிக்குப் போனது, 16 ஆம்பியர் எம்.சி.பி.யுடன் தனிச் சுற்றாக. தொட்டியின் பக்கத்தில் லைன், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டும் 20 ஆம்பியர் ஸ்விட்ச். அங்கிருந்து ராடு வரை சூடு தாங்கும் வயர். கடைசியாக ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்: இந்தத் தொட்டிக்கு இரண்டு பெட்டியிலிருந்து கரண்ட் வருகிறது. ஒரு பெட்டியை அணைத்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று நம்பிக் கையை வைத்தால் இன்னொரு பெட்டியின் கரண்ட் ராத்திரி வேளையில் உயிரோடு இருக்கும். பழுது பார்ப்பவர் இரண்டையும் அணைக்க வேண்டும்.

அடுத்த முப்பது நாளும் வெந்நீருக்கு நாளொன்றுக்கு ஒன்பது யூனிட் வீதம் 270 யூனிட் பகல் கணக்கிலிருந்து இரவுக் கணக்குக்கு மாறியது. பகல் 240, இரவு 360. பில் 126 பவுண்டு. அதே 600 யூனிட்தான், நாற்பது பவுண்டு ஐம்பது பென்ஸ் குறைவு. வருடம் முழுதும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால் நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, இப்போ இருபது நிமிஷம் குளிக்கலாமா?" என்று கேட்டான். பத்து நிமிஷத்தில் சமாதானம் ஆனது.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. மகள் ஃபிரிட்ஜில், மலிவு நேரம் இரவு 11.30 முதல் காலை 6.30 வரை என்று எழுதி ஒட்டியிருந்தாள். சரியாகப் பதினொன்றரைக்குத் துணி மெஷினைப் போடுவாள். ஆனால் அந்த மீட்டர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. கோடையில் அந்த ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், மீட்டர் தள்ளாது. எனவே கோடையில் மலிவு நேரம் 12.30 முதல் 7.30 வரை. அவள் துணி மெஷின் முதல் ஒரு மணி நேரம் பகல் விலையில் ஓடியது.

அங்கே பல வீடுகளில் இந்த ஸ்விட்சை ரேடியோ அலைதான் இயக்கியது. பி.பி.சி. ரேடியோ 4 நெட்டலையில் ட்ராய்ட்விச் முதலான நிலையங்களிலிருந்து 198 கிலோஹெர்ட்ஸில் வரும் ஒலிபரப்போடு மறைவாக ஒரு குறிப்பு வரும். அதைக் கேட்டு மீட்டர் ஸ்விட்ச் போடும். பல ஆண்டுகள் டெஸ்ட் மேட்ச் வர்ணனை வந்ததும் அதே அலையில்தான். 2025 ஜூன் 30 முதல் அந்தச் சேவையைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கி, வீடுகளை ஸ்மார்ட் மீட்டருக்கு மாற்றினார்கள். உங்கள் பிள்ளைகள் அங்கே கேஸ் இல்லாத வீட்டில் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மீட்டர் மாற்றிய அடுத்த நாள், வெந்நீர் ராத்திரியில்தான் சூடாகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர். ராத்திரியில் கெய்சர் போட்டால் மிச்சமா? கிடையாது. நம் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் எரித்தோம் என்பதைப் பார்க்கிறது, எந்த மணிக்கு எரித்தோம் என்று பார்ப்பதில்லை. ராத்திரியே போட்டு வைத்தால் விடிவதற்குள் கொஞ்சம் ஆறும், தெர்மோஸ்டாட் மறுபடி சூடாக்கும். நஷ்டம்தான். 25 லிட்டர் கெய்சரில் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். குளிப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, அணைத்துவிட்டுக் குளிப்பதே நமக்குச் சரி.

நாளைக்கு இது மாறலாம். மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பது அதில் இருக்கிறது. ஆனால் அதில் மலிவு நேரம் ராத்திரி இல்லை, சூரிய ஒளி இருக்கும் பகல் நேரம்! அந்த எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். ஆகவே இங்கிலாந்தைப் பார்த்து ராத்திரிக்கு டைமர் வாங்கி மாட்டிவிடாதீர்கள். எந்த நேரம் மலிவு என்று நம் கட்டண ஆணை வரும்போது படித்துவிட்டு அதற்கேற்ப மாற்றலாம்.

எந்தக் கட்டணம் வந்தாலும் தேவைப்படுவது கெய்சருக்குத் தனிச் சுற்று. நம் குடியிருப்பில் சில வீடுகளில் கெய்சர், குளியலறை விளக்கின் லைனிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அதைச் சரி செய்யுங்கள். மீட்டர் பெட்டியிலிருந்து நேராக ஒரு லைன், அதற்கென ஒரு எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். முடிந்த பிறகு நீங்களே ஒரு முறை கெய்சர் எம்.சி.பி.யை மட்டும் அணைத்து, கெய்சர் மட்டும் அணைகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வங்கியில் நாள் முடிந்ததும் லெட்ஜரும் கேஷும் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குப் போவோம். வீட்டிலும் பில்லும் கம்பியும் ஒத்துப்போகிறதா என்று வருடத்தில் ஒரு நாளாவது பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்களைத் திட்டும் முன் மீட்டரைப் பாருங்கள். 

கேள்வி நேரம்

சி பிளாக் உறுப்பினர்: என் மகன் வீட்டில் சின்னப் பெட்டியே இல்லை. ஒரே பெட்டிதான். அப்போது ராத்திரிக் கணக்கு வராதா?

பதில்: வரும். அந்த ஏழு மணி நேரத்தில் வீட்டில் எது ஓடினாலும் இரவு விலைதான். ஒரே பெட்டி உள்ள வீடுகளில் தொட்டி பக்கத்தில் ஒரு டைமர் வைத்திருப்பார்கள். அதில் தவறு வருவது கடிகாரத்தால். கரண்ட் போய் வந்தாலும், கோடை நேரம் மாறினாலும் டைமரும் மீட்டரும் விலகிவிடலாம். ஒன்றிரண்டு ராத்திரி மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் தள உறுப்பினர் ஒருவர்: என்னிடம் கெய்சர் இல்லை, வாளி ராடுதான். அதற்கு ஏதாவது உண்டா?

பதில்: அதற்கு டைமரே வேண்டாம், அம்மா. ராடைத் தண்ணீரில் இறக்கிய பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளி நல்லது, ராடு வாளியின் பக்கத்தைத் தொடக்கூடாது. போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் சின்ன கெய்சர் வாங்குவதே நிம்மதி.

பொருளாளர்: அந்த எலக்ட்ரீஷியன் செலவை யார் கொடுத்தது?

பதில்: வீட்டுக்காரர்தான். பழைய பில்லில் போன பணம் மட்டும் திரும்பவில்லை. அதை வாராக்கடனில் எழுதிவிட்டோம்.